மோட்டார் பெட்டி கெர்னலின் பட்டியலுக்குள் சிக்கி நிற்கிறது: கெர்னலைத் திருத்தலாமா?

கேள்வி (காரைக்குடியிலிருந்து)

வணக்கம். காரைக்குடியில் சிறிய பட்டறை வைத்து, விவசாய மோட்டார்களுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்து தருகிறேன். எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறிய இயங்குதளம் ஓடுகிறது; பல வேலைகளை (டாஸ்க்குகளை) மாற்றி மாற்றி ஓடவிடும் அதன் மையநிரல்தான் கெர்னல். மூன்று பேஸ் மின்னழுத்தத்தையும் கிணற்று நீர்மட்டத்தையும் கவனிக்க ஆளுக்கொரு டாஸ்க். ஜிஎஸ்எம் மோடமுடன் பேச இன்னொன்று. 12 வோல்ட் பேட்டரி இருப்பதால் மின்சாரம் போனாலும் போர்டு அணைவதில்லை.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பொருத்திய பெட்டி, சில நாட்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் மின்சாரம் போய்த் திரும்பிய அடுத்த சில நிமிடங்களில், அப்படியே உறைந்துவிடுகிறது. ரிலே இழுத்தபடியே நிற்பதால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ற வாரம் கிணற்றில் நீர் இறங்கிய பிறகும் மோட்டார் வெறுமனே ஓடியிருக்கிறது. தோப்புக்கார ஆச்சி சத்தம் மாறியதைக் கேட்டு ஓடிவந்து மெயின் சுவிட்சை இறக்கியிராவிட்டால் மோட்டாரின் சுருள் எரிந்திருக்கும். வாட்ச்டாக் (குறித்த நேரத்துக்குள் நிரல் புதுப்பிக்காவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் காவல் டைமர்) போட்டிருக்கிறேன்; அதுவும் ரீசெட் செய்யவில்லை.

கான்டாக்டரின் மின்னிரைச்சல்தான் காரணம் என்று எண்ணி, அதை அடக்கும் ஸ்னப்பர் போட்டேன், வயரை மாற்றினேன், பயனில்லை. கடைசியில், சிப்புக்குள் நடப்பதைக் காட்டும் டீபக்கரை மாட்டி வைத்துக் காத்திருந்து பிடித்தேன். கெர்னலில், டாஸ்க்குகளைப் பட்டியலில் செருகும் வி-லிஸ்ட்-இன்செர்ட் என்ற ஃபங்ஷனின் லூப்புக்குள் சிப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பட்டியலின் ஓர் உறுப்பில், 'அடுத்தது' என்ற இடத்தில் அந்த உறுப்பின் சொந்த முகவரியே எழுதப்பட்டிருக்கிறது. 50 சுற்றுக்கு மேல் போனால் வெளியேறும்படி கெர்னலில் ஓர் எண்ணியைச் சேர்த்தேன். இப்போது பெட்டி உறைவதில்லை. ஆனால் நீர்மட்ட டாஸ்க் மட்டும் சில சமயம் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. இது கெர்னலில் உள்ள வழுவா? எப்படித் திருத்துவது சரி?

முதல் பதில் (தேவகோட்டையிலிருந்து)

தம்பி, அந்த எண்ணியை முதலில் எடுத்துவிடுங்கள். பட்டியல் உடைந்தது வேறோர் இடத்தில், வேறொரு நேரத்தில். லூப் அதைக் காட்டிக்கொடுக்கும் இடம் மட்டுமே. வெளியேறும் வழி வைத்ததால் உடைந்த பட்டியலோடு கெர்னல் மேலே போகிறது, பட்டியலிலிருந்து விடுபட்ட டாஸ்க் தூங்கியே கிடக்கிறது. உறைந்து நின்ற பெட்டியைவிட, நீர்மட்டத்தைப் பார்க்காமலே ஓடும் பெட்டி அந்தக் கிணற்றுக்கு ஆபத்தானது.

அந்த லூப்புக்கு மேலேயே கெர்னலை எழுதியவர்கள், இங்கே வந்து நின்றால் எவற்றைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள்: ஸ்டாக் (டாஸ்க்கின் தற்காலிக நினைவகம்) வழிந்திருக்கலாம், இன்ட்டரப்ட்டின் (ஓடும் வேலையை இடைமறிக்கும் வன்பொருள் அழைப்பின்) முன்னுரிமை தவறாக இருக்கலாம், இன்ட்டரப்ட்டுக்குரியதல்லாத ஃபங்ஷனை இன்ட்டரப்ட்டிலிருந்து அழைத்திருக்கலாம், உருவாக்கப்படாத க்யூவை (டாஸ்க்குகளுக்கிடையே தகவல் கடத்தும் வரிசையை) பயன்படுத்தியிருக்கலாம். நீங்கள் சொன்ன அறிகுறிகளைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம்.

உங்கள் சிப் சேர்ந்த கோர்டெக்ஸ்-எம் குடும்பத்தில் எண் சிறிதானால் முன்னுரிமை பெரிது. 0 மற்ற எண்களுக்கெல்லாம் மேலே நிற்கும். எஸ்டிஎம்32-இல் 4 பிட், அதாவது 0 முதல் 15 வரை 16 படிகள். ரீசெட் ஆனதும் யூஆர்ட் (மோடமுடன் எழுத்தெழுத்தாகப் பேசும் பகுதி) உட்பட எல்லாப் புற இன்ட்டரப்ட்டுகளும் 0-இல் இருக்கும். நீங்கள் மாற்றாதவரை அங்கேயே இருக்கும். கெர்னல் தன் பட்டியலைத் தொடும்போது பேஸ்ப்ரை என்ற பதிவேட்டில் ஓர் எல்லையை எழுதி இன்ட்டரப்ட்டுகளை அடைக்கிறது. மாதிரி நிரல்களில் அந்த எல்லை பெரும்பாலும் 5. அப்போது 5 முதல் 15 வரை அடைபடும், 0 முதல் 4 வரை அடைபடாது. அடைபடாத இன்ட்டரப்ட்டிலிருந்து கெர்னலின் எந்த ஃபங்ஷனையும் அழைக்கக் கூடாது, இன்ட்டரப்ட்டுக்குரியது என்று காட்டும் 'ஃப்ரம் ஐஎஸ்ஆர்' பெயரில் இருந்தாலும் சரி. இதில் இன்னொரு பொறியும் உண்டு: நான்கு பிட்டுகளும் பதிவேட்டில் முன்னுரிமைக்கான 8 பிட் இடத்தின் மேல்பாதியில் இருப்பதால் 5 என்பதை 80 என்று எழுத வேண்டும். வெறும் 5 எழுதினால் கீழ் பிட்டுகள் புறக்கணிக்கப்பட்டு 0 ஆகிவிடும். பேஸ்ப்ரையில் 0 என்றால் எதையுமே அடைக்காதே என்று பொருள்.

மின்சாரம் வந்த பிறகு நிற்பதற்கும் இதுவே விளக்கமாகலாம். அந்த நேரத்தில்தான் உங்கள் பெட்டி குறுஞ்செய்தி அனுப்பும், மோடம் வரிவரியாகப் பதில் தரும். மோடம் 9600 பாடில் பேசினால் ஓர் எழுத்துக்கு 10 பிட், அதாவது ஏறத்தாழ 1.04 மில்லிசெகண்ட். கெர்னலின் டிக் (டாஸ்க்குகளை மாற்றும் காலத்துடிப்பு) 1 மில்லிசெகண்டில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டும் சிறிது சிறிதாக நழுவிக்கொண்டே போய், சுமார் 24 எழுத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று கடக்கும். அந்தக் கடப்பு, டிக் ஒரு டாஸ்க்கை ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சில மைக்ரோசெகண்டுக்குள் விழுந்தால் பட்டியல் உடையும். நாட்கணக்கில் நன்றாக ஓடிவிட்டு ஒருநாள் நிற்பது இதனால்தான் இருக்கும்; கான்டாக்டர் மேல் பழி போட வேண்டாம்.

கான்ஃபிக்-அஸர்ட் (தவறான நிலையைக் கண்டதும் சிப்பை நிறுத்திக் காட்டும் சோதனை) இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்திருந்தால், முன்னுரிமை தவறான இன்ட்டரப்ட் கெர்னலை முதல்முறை அழைத்த உடனேயே சிப் நின்று காட்டியிருக்கும். வாட்ச்டாக்கை எங்கிருந்து புதுப்பிக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இரண்டாம் பதில் (சொந்த ஊர் கானாடுகாத்தான், வேலை பெங்களூரில்)

மேலே ஐயா சொன்னதை முழுதும் ஏற்கிறேன். ஆனாலும் கெர்னல் ஒருபோதும் தவறாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃப்ரீஆர்டிஓஎஸ் 10.4.3-க்கு முந்தைய பதிப்புகளில், க்யூ உருவாக்கும்போது அளவுகளைப் பெருக்கும் இடத்தில் எண் வழிந்து, கேட்டதைவிடச் சிறிய நினைவகம் கிடைக்கக்கூடிய வழு இருந்தது. 2021-இல் அது பாதுகாப்புக் குறைபாடாகவே பதிவானது. கோர்டெக்ஸ்-எம்7 சிப்பின் ஆர்0பி1 பதிப்பில் பேஸ்ப்ரையில் எழுதியது உடனே செயலுக்கு வராத குறை சிப்பிலேயே இருந்ததால், அதற்கென்று தனி போர்ட் (அந்தச் சிப்புக்கேற்ற கெர்னல் பகுதி) தர வேண்டியிருந்தது. உங்களுடையது எம்3 என்பதால் இரண்டாவது பொருந்தாது. முதலாவதற்காகப் பதிப்பு எண்ணைச் சரிபாருங்கள்.

எதிர்ப்பக்கத்து எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனபோது, அதில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் கெர்னலில் பிழையில்லை. வானிலை டாஸ்க் ஒரு மியூட்டெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டை) பிடித்திருந்த வேளையில் நடுத்தர முன்னுரிமை டாஸ்க்குகள் அதை ஓடவிடவில்லை. அந்த மியூட்டெக்ஸுக்காகக் காத்திருந்த மேல்நிலை டாஸ்க் நேரம் தவறியது, வாட்ச்டாக் பாய்ந்தது. பூமியிலிருந்த பிரதிக் கருவியில் தடம் பதிக்கும் வசதியை இயக்கி அதே நிலையை வரவழைத்த பிறகுதான் காரணம் தெரிந்தது. முன்னுரிமை மரபுரிமை (பூட்டைப் பிடித்திருக்கும் டாஸ்க்குக்குக் காத்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தருவது) என்ற தேர்வை இயக்கியதும் தீர்ந்தது. ஆகவே உங்கள் பட்டறை மேசையில் இந்த வழுவை வேண்டும்போது வரவழைக்கும் வழியை முதலில் கண்டுபிடியுங்கள். அது கையில் இல்லாமல் எதையாவது மாற்றினால், தீர்ந்ததா மறைந்ததா என்று உங்களுக்கே தெரியாது.

கேட்டவரின் மறுமொழி, ஐந்து நாள் கழித்து

இருவருக்கும் மிக்க நன்றி. நான் எடுத்தாண்ட மாதிரி நிரலின் கான்ஃபிக் கோப்பில் அஸர்ட் வரியை யாரோ கமென்ட் செய்து (செயல்படாதபடி மூடி) வைத்திருந்தார்கள், நானும் கவனிக்கவில்லை. அதைத் திறந்துவிட்டு போர்டை இயக்கினேன். மோடம் அனுப்பிய முதல் எழுத்திலேயே சிப் நின்றது. யூஆர்ட் இன்ட்டரப்ட்டின் முன்னுரிமை 0.

உடனே திருத்தாமல், கெர்னலில் நான் போட்ட எண்ணியை நீக்கி, அஸர்ட்டை மறுபடி மூடி, மோடமுக்குப் பதிலாகக் கணினியிலிருந்து 9600 பாடில் இடைவிடாமல் எழுத்துகளை அனுப்பினேன். 40 நிமிடத்துக்குள் மூன்று முறை, மூன்று முறையும் அதே லூப்பில், உறைந்தது. பிறகு முன்னுரிமையை 6 ஆக்கி, அஸர்ட்டைத் திறந்து, அதே சோதனையை மூன்று பகல் இரண்டு இரவு ஓடவிட்டேன். நிற்கவில்லை. கெர்னல் பதிப்பையும் புதிதாக்கிவிட்டேன்.

வாட்ச்டாக்கை ஒரு டைமர் இன்ட்டரப்ட்டிலிருந்து புதுப்பித்துக்கொண்டிருந்தேன். டாஸ்க்குகள் செத்துக் கிடந்தாலும் அது தன்பாட்டுக்குப் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது மூன்று டாஸ்க்குகளும் தத்தம் பிட்டை ஏற்றினால் மட்டுமே புதுப்பிக்கும்படி மாற்றினேன். வேண்டுமென்றே நீர்மட்ட டாஸ்க்கை நிறுத்திப் பார்த்தபோது, இரண்டு செகண்டில் ரீசெட் ஆகி ரிலே 'டக்' என்று விட்டது.

முதல் பதில் அளித்தவர்

நல்லது தம்பி. இதே நிரல் ஏறிய மற்றப் பெட்டிகள் எந்தெந்தத் தோப்பில் இருக்கின்றனவோ, அவற்றையும் கழற்றிக் கொண்டுவந்து மாற்றிவிடுங்கள். அவை இதுவரை நிற்கவில்லை என்பதற்காக விட்டுவைக்க வேண்டாம்.

கேட்டவர்

இன்னும் ஆறு பெட்டிகள் இருக்கின்றன ஐயா. கோட்டையூரில் இரண்டு, புதுவயலில் நான்கு. நாளைக் காலை புதுவயலிலிருந்து தொடங்குகிறேன்.