அன்றாடம் ஓட்ட 350 சிசி மோட்டார் சைக்கிளா, ஸ்கூட்டரா?

போரூர்வாசி:
போரூரிலிருந்து ஆற்காடு சாலை வழியாகக் கோடம்பாக்கத்துக்கு வேலைக்குச் செல்பவன் நான். 350 சிசி மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு 110 சிசி ஸ்கூட்டருக்கு மாறியிருக்கிறேன். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் இந்த மாற்றத்தைத் தயக்கமின்றிச் செய்யலாம் என்பது என் உறுதியான கருத்து.

முதற்காரணம் எடை. ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350 வண்டி 195 கிலோ, ஹோண்டாவின் ஆக்டிவா ஸ்கூட்டர் ஏறத்தாழ 106 கிலோ. மெட்ரோ பணிக்காகத் தடுப்புகள் வைக்கப்பட்ட நாளிலிருந்து ஆற்காடு சாலையில் வண்டிகள் ஓடியதைவிட ஊர்ந்ததே அதிகம். அப்படி ஊரும்போது இருபது குதிரைத்திறன் எதற்கும் உதவுவதில்லை. இடக்கையால் கிளட்சைப் பிடித்துப் பிடித்து விடுவதும், எஞ்சினின் வெப்பம் கால்களில் ஏறுவதும், அடுக்குமாடியின் நெருக்கமான நிறுத்துமிடத்தில் வண்டியைப் பின்னால் தள்ளி எடுப்பதும்தான் மிஞ்சுகின்றன. ஸ்கூட்டரில் சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டு இருக்கிறது, கால் வைக்கும் தளத்தில் அரிசி மூட்டை வருகிறது, வயதான என் தாயார் சிரமமின்றி ஏறி உட்காருகிறார்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டுவதாகக் கொண்டு, பெரிய வண்டி லிட்டருக்கு 35, ஸ்கூட்டர் 45 கிலோமீட்டர் தருவதாக வைத்தால், மாதத்துக்கு ஐந்தரை லிட்டருக்கு மேல் மிச்சமாகிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 150 சிசிக்கு மேல் 350 சிசி வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 1,366 ரூபாய். 75 முதல் 150 சிசி வரை 714 ரூபாய்.

தொலைவழி:
போரூர்வாசி ஐயா, உங்கள் கணக்கில் தவறில்லை. ஆனால் சாலையில் விழாமல் வீடு சேர்வதை அந்தக் கணக்கு தொடவே இல்லை என்பதுதான் என் மறுப்பு.

நான் தாம்பரத்திலிருந்து, சென்னைக்குத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள்கோவில் வரை, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் போகிறேன்; எனக்கு இதுதான் அன்றாடம். ஆக்டிவாவின் முன்சக்கரம் 12 அங்குலம், பின்சக்கரம் 10 அங்குலம். கிளாசிக் 350 வண்டியிலோ முன்னால் 19, பின்னால் 18. ஒரே பள்ளத்தில் பெரிய சக்கரம் உருண்டு கடந்துவிடும். சிறிய சக்கரம் உள்ளே இறங்கி எதிர் விளிம்பில் மோதும். அதைவிடப் பெரிய வேறுபாடு உட்காரும் முறையில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் பள்ளத்தைக் கண்டதும் கால்மிதியை அழுத்தி உடலைச் சற்றே தூக்கிக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் கால்கள் உடலுக்கு முன்னால் நீண்டிருப்பதால் அப்படி எழ முடியாது. அதிர்வு முழுவதும் நேராக முதுகெலும்புக்குப் போகிறது. முதுகுவலிக்காக ஸ்கூட்டருக்கு மாறுங்கள் என்று பிறருக்கு அறிவுரை சொல்லுகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பிரேக் விஷயம் இதைவிட முக்கியமானது. 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதி, 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேண்டும் என்றது. 125 சிசி வரை சிபிஎஸ் என்ற கூட்டு பிரேக் இருந்தாலே போதும் என்று விட்டுவிட்டது. சிபிஎஸ் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக்கைப் பகிர்ந்து கொடுக்கும், அவ்வளவுதான். ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குவதை அது தடுக்காது.

மழைக்காலம்:
மேடவாக்கத்தில் வசிக்கும் எனக்கு இரண்டு வகை வண்டியும் ஓட்டத் தெரியும். சிக்னலில் சரிவான இடத்தில் நிற்க நேரும்போது 195 கிலோவைக் காலூன்றித் தாங்குவது என் உயரத்துக்கு எளிதல்ல. பின்னால் மகளும் அவளுடைய பள்ளிப்பையும் இருந்தால் அச்சமாகவே இருக்கிறது. தொலைவழி அவர்கள் சொல்லும் ஆபத்து அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருவது. நின்ற இடத்தில் வண்டி சாய்வதும் ஆபத்துதான்; அது அடிக்கடி நேர்வது, பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கூடுதலாக நேர்வது.

பட்டறைக்காரர்:
இரண்டு வகை வண்டியையும் பிரித்து மாட்டுகிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பல ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் ஓட்டிவிட்டு ஸ்கூட்டருக்கு வருகிறவர்களுக்கு முதல் சில வாரங்களில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இடக்கைப் பிடி கிளட்ச், வலக்கால் பின்பிரேக். ஸ்கூட்டரில் அந்த இடக்கைப் பிடியே பின்பிரேக். காலுக்கு வேலை கிடையாது. திடீரென்று ஒருவர் குறுக்கே வந்தால், பழகிய கை கிளட்ச் என்று நினைத்து முழு வலிமையோடு இழுத்துவிடும்; வலக்காலோ இல்லாத பெடலைத் தேடி வெறும் தளத்தை மிதிக்கும். மணலோ ஈரமோ இருந்தால் பின்சக்கரம் அங்கேயே சறுக்கும். ஆகவே ஆளில்லாத தெருவில் நிறுத்திப் பழகிய பிறகே பெருஞ்சாலைக்குப் போக வேண்டும். ஒரே வீட்டில் இரண்டையும் வைத்துக்கொண்டு மாறி மாறி ஓட்டுகிறவர்கள் இதில் மேலும் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்தது மழை. வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய நீரில் இறங்கும்போது ஸ்கூட்டரில் எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டின் அறைக்குள் நீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. ஏர் ஃபில்டரும் பல ஸ்கூட்டர்களில் பின்சக்கரத்தை ஒட்டித் தாழ்வாக இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் அது சீட்டுக்குக் கீழே உயரத்தில் இருக்கிறது. பராமரிப்பில் இரண்டில் எதுவும் பெரிதாக மேலோங்கி நிற்கவில்லை: அங்கே செயின், இங்கே பெல்ட்டும் ரோலரும். 20,000 கிலோமீட்டரைத் தாண்டிய பெல்ட்டைப் பார்க்காமலே ஓட்டுகிறவர்கள் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள்.

போரூர்வாசி:
பட்டறைக்காரர் ஐயாவுக்கு நன்றி. தொலைவழி அவர்களே, எல்லா ஸ்கூட்டரிலும் பின்சக்கரம் 10 அங்குலம் அல்ல. ஜூபிடரிலும் என்டார்க்கிலும் இரண்டு சக்கரமும் 12 அங்குலம். ஏரோக்ஸ் 155 வண்டியில் இரண்டும் 14 அங்குலம், முன்சக்கரத்துக்கு ஏபிஎஸ்ஸும் உண்டு. கியரில்லாத வசதியும் வேண்டும், நீங்கள் கேட்கும் பாதுகாப்பும் வேண்டும் என்பவருக்கு வழி இருக்கிறது.

மழைக்காலம்:
ஏரோக்ஸில் கால் வைக்கும் தளம் சமதளமாக இல்லை. நடுவே முதுகுபோல் உயர்ந்திருக்கிறது. அரிசி மூட்டையை எங்கே வைப்பது? ஸ்கூட்டரை ஸ்கூட்டராக ஆக்குகிற பயனையே விட்டுக்கொடுத்துத்தான் அந்தச் சக்கரம் வாங்க வேண்டியிருக்கிறது.

தொலைவழி:
சகோதரி சொன்னதை ஏற்கிறேன். நின்ற இடத்தில் சாயும் ஆபத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். மேடவாக்கத்தின் உள்தெருக்களில் மகளோடு செல்பவருக்கு 106 கிலோ வண்டியே பொருத்தம். போரூரிலிருந்து கோடம்பாக்கம் வரை முப்பதைத் தாண்டாத வேகத்தில் செல்பவரோடும் எனக்குச் சண்டையில்லை. ஆனால் பெரிய வண்டியை வைத்திருப்பவர்கள் அனைவரும் பெருமைக்காகவே வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சு இத்தகைய விவாதங்களில் வந்துகொண்டே இருக்கிறது. எண்பதில் செல்லும் லாரி பக்கத்தில் கடக்கும்போது வருகிற காற்றுத் தள்ளலில் இலகுவான வண்டி அலைவதை உணர்ந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அங்கே எடையும், நீண்ட சக்கர இடைவெளியும், தேவைப்படும்போது உடனே முன்னேறித் தப்பிக்கும் திறனும் உயிரைக் காக்கின்றன.

போரூர்வாசி:
ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் செல்பவருக்கு ஸ்கூட்டரை நானும் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் சென்னையில் இன்று 350 சிசி வண்டி வாங்குகிற பலர், அந்த வண்டியை நான்காம் கியருக்குக்கூடக் கொண்டுபோக முடியாத சாலைகளில்தான் ஓட்டுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை ஏற்காட்டுக்குப் போவதை மனத்தில் வைத்து வாங்கிவிட்டு, மற்ற நாளெல்லாம் தெருமுனைக் கடைக்கு அதைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அவர்களை நோக்கித்தான் எழுதுகிறேன். ஏற்காட்டுக்குப் போக வேண்டுமானால் அந்த இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பட்டறைக்காரர்:
மாற எண்ணுபவர்கள் பழைய வண்டியை விற்பதற்கு முன் நண்பரிடம் ஒரு ஸ்கூட்டரைக் கேட்டு வாங்கி, வழக்கமாகப் பின்னால் உட்காருபவரையும் ஏற்றிக்கொண்டு, வேலைக்குப் போகும் அதே நேரத்தில் அதே சாலையில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். முன்டயரில் 22 பி.எஸ்.ஐ., பின்டயரில் இருவர் செல்லும்போது 36 பி.எஸ்.ஐ. என்ற காற்றழுத்த அளவை ஒட்டி, வண்டியின் கையேட்டில் உள்ளபடி காற்று இருக்கட்டும். காற்றுக் குறைந்த ஸ்கூட்டரை ஓட்டிப் பார்த்துவிட்டு எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.