அதே 9 மஞ்சள் விலை, இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு முகடு. ஏனுங்க?

மஞ்சக்காட்டான்:
அவசரம்ங்க. சாயங்காலத்துக்குள் எங்கய்யனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். போன வாரம் ஏலத்தில் எங்கள் மஞ்சள் போன விலை, மொத்தம் 9. கடைக் கம்ப்யூட்டர் முகடு, அதாவது அதிகத் தடவை வரும் விலை, 13,400 என்கிறது. வீட்டு லேப்டாப் அதே எண்களுக்கு 11,900 என்கிறது. சராசரி இரண்டிலும் 11,443தான். ஆனால் அவ்வளவு குறைச்சலாக எதுவும் போன ஞாபகமே இல்லை. எங்கே கோளாறு?

கோபிக்காரி:
எண்களைப் போடுங்கண்ணா. இரண்டிலும் ஒரே சாஃப்ட்வேர்தானா?

தறிக்குடோன்:
எண் எழுத்தாகப் பதிந்திருக்கும். பாவுக் கணக்கில் எனக்கு இதேதான் ஆச்சு. கட்டத்தில் இடதுபக்கம் ஒட்டி நிற்கிறதா பாருங்க.

கோபிக்காரி:
அப்படியென்றால் சராசரியும் மாறியிருக்குமே.

கணக்கு வாத்தியார் (ஓய்வு):
பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம் தம்பி, அன்றைக்கு எங்கே போயிருந்தாய்? எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடு, அதுதான் இடைநிலை. ஒரு எண் தாறுமாறாக இருந்தாலும் அது அசையாது. முகடு வேண்டுமென்றால் 3 மடங்கு இடைநிலையிலிருந்து 2 மடங்கு சராசரியைக் கழி.

மஞ்சக்காட்டான்:
கடையில் எக்செல், வீட்டில் லிப்ரே ஆபீஸ். குவிண்டால் விலை இதுங்க:
13,400, 12,050, 13,650, 11,900, 13,250, 1,340, 13,400, 11,900, 12,100

கோபிக்காரி:
கோளாறே இல்லை. 13,400 இரண்டு தடவை, 11,900 இரண்டு தடவை. முகடு இரண்டு. எக்செல்லில் முகடு பார்க்கும் கட்டளையான மோட், வரிசையில் முதலில் வந்ததை எடுத்துக்கொள்ளும், லிப்ரே ஆபீஸ் சிறியதை எடுத்துக்கொள்ளும். எக்செல்லில் மோட்.மல்ட் போட்டால் இரண்டையும் காட்டும். அதுசரி, அந்த 1,340 என்னங்க?

கணக்கு வாத்தியார் (ஓய்வு):
இடைநிலை 12,100. மூன்று மடங்கு 36,300. அதில் 22,887 போக 13,413. ஆக, எக்செல் சொன்னதே சரி. சூத்திரம் என்றைக்கும் கைவிடாது.

சிவகிரியான்:
குவிண்டால் 1,340 என்றால் கிலோ 13 ரூபாய் 40 காசு. எந்த மஞ்சளுங்க அந்த விலைக்குப் போகும்? கடைசியில் ஒரு சுழி விட்டுப்போயிருக்கிறது. 13,400 என்று திருத்தினால் அது மூன்று தடவை ஆகிறது, இரண்டு கம்ப்யூட்டரும் ஒத்துப்போகும். சராசரி 12,783.
வாத்தியாருக்கு: இடைநிலை அசையாது என்றீங்களே, 12,100லிருந்து 13,250க்குப் போய்விட்டது. இப்போது உங்கள் சூத்திரம் போட்டால் முகடு 14,183. ஏலத்தில் உச்ச விலையே 13,650தான்!

கணக்கு வாத்தியார் (ஓய்வு):
புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் பெயரில் வழங்கும் தொடர்பு அது. அவரைவிட உமக்குத் தெரியுமோ?

கோபிக்காரி:
பியர்சனைக் குறை சொல்லவில்லைங்க ஐயா. ஒரே மேடாக, லேசாக ஒரு பக்கம் சாய்ந்த தொகுப்புக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். இங்கே இருப்பது 9 எண், அதிலும் இரண்டு மேடு. 12,100க்கும் 13,250க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை பாருங்க. அதனால்தான் ஒரு எண்ணைத் திருத்தியதும் இடைநிலை பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்துவிட்டது.
மஞ்சக்காட்டான் அண்ணா, விரல்போல் நீண்ட விரலி மஞ்சளையும் உருண்டையான கிழங்கு மஞ்சளையும் ஒரே பட்டியலில் எழுதிவிட்டீங்களா?

தறிக்குடோன்:
எழுத்தாகப் பதிந்திருக்கிறதா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.

சிவகிரியான்:
மூட்டை எத்தனை என்றும் சொல்லவில்லை. 3 மூட்டைக் குவியலும் 20 மூட்டைக் குவியலும் சராசரியில் சமம் ஆகுமா? ஐயன் கேட்பது கைக்கு வந்த காசு என்றால், ஒவ்வொரு விலையையும் அதன் எடையோடு பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுக்க வேண்டும்.

தறிக்குடோன்:
கணக்குக் கிடக்கட்டும். மீதி மஞ்சளை இப்போதே கொடுக்கலாமா, இருப்பு வைக்கலாமா?

சிவகிரியான்:
அதற்குத் தனி இழை போடுங்க சாமி.

மஞ்சக்காட்டான்:
ஆமாங்க, 5 விரலி, 4 கிழங்கு. எல்லோருக்கும் தெரியும்தானே என்று விட்டுவிட்டேன். சுழியை விழுங்கியது எங்கள் பையன். ஏலச் சீட்டில் 13,400தான் இருக்கிறது. விரலி சராசரி 13,420, கிழங்கு 11,988. ஐயனிடம் சொல்லியாச்சு. கிளம்புறேனுங்க.

சிவகிரியான்:
எடை போட்டுப் பார்த்தீங்களா?

கணக்கு வாத்தியார் (ஓய்வு):
விரலியின் 5 விலைக்கு மட்டும் சூத்திரத்தைப் போட்டேன். இடைநிலை 13,400, சராசரி 13,420, முகடு 13,360. பக்கத்தில்தானே வருகிறது?