மூன்றாம் வகுப்புக்கு எந்தத் தமிழ் விசைப்பலகை சரி?

வணக்கம் ஆசிரியர்களே. அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் கதை சொல்வதில் கெட்டிக்காரர்கள். எழுதச் சொன்னால்தான் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறார்கள். ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளத்தில் கதை வாசித்த பிறகு, தாங்களே ஒரு கதையை டேப்லெட்டில் தட்டச்சு செய்யவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையை விட்டுவிட எனக்கு மனமில்லை.

குரல்வழித் தட்டச்சு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இணையமும் சரியில்லை, எழுத்துக்கூட்டும் வேலையும் பிள்ளைகளுக்கு இல்லாமல் போகிறது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறைக்கு முதலில் ஆங்கில ஒலி தெரியவேண்டும். அது இவர்களுக்கு இரட்டைச் சுமை.

செல்லினம் என்ற தட்டச்சுச் செயலியில் உள்ள தமிழ்99 விசைப்பலகை எனக்குப் பிடித்திருக்கிறது. க தட்டி ஆ தட்டினால் கா. நாம் கரும்பலகையில் சொல்லித்தரும் முறையும் இதுதானே! ஆனால் அ, ம, ம, ஆ என்று தட்டினால் புள்ளி தானாக விழுந்து 'அம்மா' வந்துவிடுகிறது. 'பந்து'வுக்கும் அப்படியே. மெய்யெழுத்தில் புள்ளியை விடுவதுதான் என் வகுப்பில் அதிகம் காணும் பிழை. அதைக் கருவியே போட்டுவிட்டால் நோட்டில் எழுதும்போது இன்னும் மறப்பார்களோ என்று கவலையாக இருக்கிறது.

சிறு வகுப்பில் தமிழ்99 பழக்கியவர்கள் இருக்கிறீர்களா? நோட்டில் புள்ளி என்ன ஆனது? முதலில் கையால் எழுதவைத்து, அப்புறம் தட்டச்சுக்குப் போனீர்களா? ஒரே டேப்லெட்டை வகுப்பு முழுவதும் எப்படிப் பகிர்ந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.