தீயணைப்பையும் பேரிடர் மீட்பையும் ராணுவத்திடமே ஒப்படைத்துவிடலாமா?

மலைச்சாரல் கேட்டது:
2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிலச்சரிவு ஏற்பட்டு பாலம் அடித்துச் செல்லப்பட்டபோது, ராணுவப் பொறியாளர்கள் 190 அடி நீளமுள்ள பெய்லி பாலத்தை (முன்பே செய்துவைத்த இரும்புப் பாகங்களை விரைவாக இணைத்துக் கட்டும் பாலம்) ஆகஸ்ட் 1 மாலையில் கட்டி முடித்தார்கள். ஸ்பெயின் நாட்டில் காட்டுத்தீ, வெள்ளம் போன்றவற்றுக்கென்றே 2005இல் ராணுவத்தில் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. இந்தியாவிலும் இந்தப் பொறுப்பு முழுவதையும் ராணுவத்திடம் கொடுத்தால் உயிரிழப்பு குறையாதா?

தென்கரை எழுதியது:
அந்தப் பாலம் இல்லாமல் மண் அள்ளும் இயந்திரங்கள் முண்டக்கைக்குள் தடையின்றிச் சென்றிருக்க முடியாது. அத்தகைய வேலைக்கு ராணுவத்தை விட்டால் வேறு ஆளில்லை. ஆனால் பாலம் முடிந்தபோது நிலச்சரிவு நடந்து ஏறக்குறைய இரண்டரை நாள் ஆகியிருந்தது. முதல் சில மணி நேரத்தில், இருட்டில், சேற்றிலிருந்து மனிதர்களை இழுத்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்தார். 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு ஊர்களுக்குள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் தண்ணீரில் குனிந்து நின்று, பெண்கள் படகில் ஏறத் தம் முதுகையே படியாகக் கொடுத்தார். எந்தப் படையாக இருந்தாலும் வந்துசேர நேரம் பிடிக்கும் என்பதால், உள்ளூரில் இருப்பவர்களுக்குப் பயிற்சியும் கயிறும் மிதவைச் சட்டையும் கொடுத்துவைப்பதைத்தான் நான் முதல் செலவாகக் கருதுகிறேன்.

கானகன் எழுதியது:
காட்டுத்தீயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2024 ஏப்ரலில் உத்தராகண்டின் நைனிதால் காடுகள் எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியில் நீரை மொண்டு வந்து கொட்டியது. அது தீயின் வேகத்தைத் தணிக்கும். ஆனால் சருகுக்கு அடியிலும் பட்டுப்போன மரத்தின் வேரிலும் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பை, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று அறிந்த ஆட்கள் நடந்துபோய்ப் பச்சைத் தழையால் அடித்து அணைத்தாக வேண்டும். கோடை தொடங்குமுன்பே தீத்தடுப்புக் கோடுகளை, அதாவது தீ தாண்டிப் பரவாதபடி சருகும் செடியும் அகற்றி விடப்படும் வெற்று நிலப் பட்டைகளைச் சுத்தம் செய்வது அதைவிட முக்கியம். ஆண்டு முழுவதும் காட்டில் இருக்கும் வனக் காவலர்களும், தீப்பருவத்துக்கென அமர்த்தப்படும் தீத்தடுப்புக் காவலர்களும் செய்யவேண்டிய அந்த வேலையை, எல்லையில் நிற்கும் படைவீரரிடம் எப்படி ஒப்படைப்பது?

வைகைக்கரை எழுதியது:
கேள்வி கேட்டவர் விரும்பும் தனிப்படை ஓரளவுக்கு ஏற்கெனவே இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட தேசியப் பேரிடர் மீட்புப் படையின் வீரர்கள் துணை ராணுவப் படைகளிலிருந்துதான் வருகிறார்கள். ராணுவமோ மாநில நிர்வாகம் கேட்டுக்கொண்டால் உதவிக்கு வருவது. அதற்குச் செலவுக் கணக்கும் உண்டு. வயநாடு உள்ளிட்ட மீட்புப் பணிகளின் விமானச் செலவாக 132.62 கோடி ரூபாயை மத்திய அரசு கேரளத்திடம் கேட்டது 2024 டிசம்பரில் பெரும் சர்ச்சையானது. துயரத்தில் இருக்கும் மாநிலத்திடம் இப்படிக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முழுப் பொறுப்பும் ராணுவத்துக்குப் போனால், தாலுகா தீயணைப்பு நிலையத்துக்கு ஆளும் வண்டியும் கேட்டு எழுதப்படும் கோப்பை எந்த அரசும் அவசரமாக எடுத்துப் பார்க்காது என்பதே என் அச்சம்.