செவ்வால் பருந்து கைக்குத் தாவ மறுக்கிறது. எடையைக் குறைக்கலாமா?

ஒஹாயோ_புதியவன் (சனி, காலை 10:50)

கொலம்பஸ் பக்கம் இருக்கிறேன். வேட்டைப் பருந்து பழக்கும் உரிமத்தில் அப்ரென்டிஸ், அதாவது கற்றுக்குட்டி, முதல் ஆண்டு. பரீட்சை எழுதி, கொட்டகையை ஆள் வந்து பார்த்து, எல்லாம் முடிந்து, பத்து நாளுக்கு முன்னால்தான் என் ஸ்பான்சரோடு (எனக்குக் கற்றுத்தரும் மூத்தவர்) போய் ஒரு செவ்வால் பருந்தைப் பிடித்தேன். பெட்டை. இந்த வருடத்துக் குஞ்சு என்பதால் வால் இன்னும் பழுப்பும் கருங்கோடுமாகத்தான் இருக்கிறது. "இதுல செவப்பு எங்க?" என்று வீட்டில் தினமும் கேட்கிறாள். பிடித்த அன்று 1,190 கிராம்.

முதல் இரண்டு நாள் வாயைத் திறந்துகொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் இரவு, மங்கலான விளக்கில், கையுறை மேல் வைத்துக்கொண்டு அதன் கண்ணைப் பார்க்காமல் போனில் பழைய கிரிக்கெட் மேட்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றேகால் மணி நேரம். கை மரத்துவிட்டது. சட்டென்று குனிந்து காடைக்கறித் துண்டை எடுத்து விழுங்கியது. அஸ்வின் விக்கெட் எடுத்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் நாளிலிருந்து கட்டையிலிருந்து கைக்கு ஏறி வந்தது. வியாழன் காலில் கட்டிய கயிற்றின் நீளம், அதாவது மூன்றடி, தாவியது. நேற்று ஐந்து முறை. எல்லாமே ஆபீஸ் முடிந்து மாலை ஆறு மணிக்கு. எடை வியாழன் 1,085, நேற்று 1,080. சந்தோஷத்தில் நேற்று கடைசியாக இரண்டு எலியை முழுசாகவும் கொஞ்சம் காடைக்கறியும் கொடுத்தேன்.

இன்று லீவு என்று காலை எட்டு மணிக்கே தூக்கினேன். 1,120! கறியைக் காட்டினால் ஒரு பார்வை, அவ்வளவுதான். ஒரு காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு நிற்கிறது. பக்கத்து வீட்டில் இலை ஊதும் மெஷினைப் போட்டதும் நான்கு முறை பாய்ந்து தலைகீழாகத் தொங்கியது. எடை இறங்கிப் பசித்தால் கைக்கு வரும் என்று, இன்று பட்டினி, நாளை பாதி இரை என்று நினைத்திருக்கிறேன். ஸ்பான்சர் மலைப்பக்கம் வேட்டைக்குப் போயிருக்கிறார், திங்கள் வரை சிக்னல் இல்லை. சரிதானா?

மிச்சிகன்_கையுறை (சனி, காலை 11:30)

தம்பி, பட்டினி போடாதே. முதலில் கட்டைக்குக் கீழே போய்ப் பார். சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு உருண்டை கிடக்கிறதா?

கிடக்காது என்று பந்தயம் கட்டுவேன். எலியை முழுசாகக் கொடுத்தால் அதன் ரோமமும் செரிக்காத மிச்சமும் உள்ளே உருண்டையாகத் திரண்டு, மறுநாள்தான் வாய் வழியாக வெளியே வரும். அது வரும்வரை பருந்துக்குப் பசி எடுக்காது. நீ பதினாலு மணி நேரத்தில் தூக்கியிருக்கிறாய். அந்த 1,120 கிராமில் நேற்றைய விருந்தில் மிச்சமும் இருக்கிறது. கொழுத்ததால் வந்த எடை இல்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் முழுசாக இருபத்து நாலு மணி நேரம் கழித்து எடை போட்டாய், அதனால் அந்த இரண்டு எண்ணையும் நம்பலாம். இன்றைய எண்ணை நோட்டில் வேறு மையில் எழுது.

ஒற்றைக்கால் நின்றதைப் பற்றிக் கவலைப்படுகிறாய். எனக்கு அது நல்ல சேதி. பயந்த பருந்து காலைத் தூக்காது. இறகைச் சிலிர்த்து உதறியதா? அதையும் குறித்து வை.

இன்னொன்று. எடையைக் குறைக்க நினைக்கும்போதெல்லாம் தராசுக்கு முன்னால் விரலை நம்பு. நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் தடவிப் பார். சதை உருண்டு நிற்க வேண்டும். எலும்பு கத்தி மாதிரி தட்டுப்பட்டால் ஏற்கெனவே தாண்டிவிட்டாய். உங்கள் ஊரில் ராத்திரி உறைபனிக்குப் போகிற மாதம் இது. குளிருக்கே அது நிறைய எரிக்கும், அதோடு பட்டினியும் சேர்ந்தால் ஒரே ராத்திரியில் விழுந்துவிடும். நான் முதல் வருடத்தில் அப்படி ஒன்றைக் கிட்டத்தட்டக் கொன்றேன். விடியக்காலை மூன்று மணிக்குக் குளியலறை ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து சின்னச் சின்னத் துண்டாக ஊட்டியது இன்னும் மறக்கவில்லை.

இன்று மாலை ஆறுக்கு எடை போடு. கறித்துண்டு புளியங்கொட்டை அளவைத் தாண்டக் கூடாது. மூன்று முறை தாவினால் போதும், நிறுத்திவிடு. முழு எலி இனி மறுநாள் வேலை இல்லாத அன்றைக்கு மட்டும்.

வைகைக்கரை (சனி, மதியம் 12:15)

அண்ணா, இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். மதுரையில் எங்கள் மொட்டை மாடிக்கு ஒரு வல்லூறு வருகிறது. அதை இப்படிப் பழக்க முடியுமா?

மிச்சிகன்_கையுறை (சனி, மதியம் 12:25)

முடியாது, கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். மாடியில் உட்கார்ந்து பார், அதுவே பெரிய பாடம். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தம்பி தன் பருந்தைப் பிடிக்க வைத்திருப்பானே, மேலே நைலான் சுருக்குகளும் உள்ளே எலியுமாக ஒரு கம்பிக்கூண்டு, அதன் பெயர் பால் சத்ரி. நம் நாட்டு வேடர்களிடமிருந்து போன சரக்கு. பெயர்கூட மாறவில்லை.

டெக்சாஸ்_அக்கா (சனி, மதியம் 1:05)

மெஷின் சத்தத்துக்குப் பாய்ந்தபோது என்ன செய்தாய்? கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்திருந்தால் இனி செய்யாதே. நெஞ்சுக்கு அடியில் மெதுவாகக் கை கொடுத்துத் திரும்ப ஏற்றிவிடு. பாய்ந்ததற்கு உன் கைதான் காரணம் என்று அது முடிவு செய்தால் அதை மாற்ற வாரக்கணக்காகும்.

ஒஹாயோ_புதியவன் (சனி, இரவு 8:40)

உருண்டை மதியம் இரண்டு மணிக்குத்தான் விழுந்தது. மகள் கண்டுபிடித்தாள், அதைப் பிரித்து ஒரு எலிப்பல்லை எடுத்து வைத்திருக்கிறாள். மாலை ஆறுக்கு 1,078. விரல் வைத்துப் பார்த்தேன், சதை இருக்கிறது. மூன்று முறை தாவியது. மூன்றாவது முறை நான் கறியை விரலிடுக்கில் வைப்பதற்கு முன்பே வந்துவிட்டது. நான்காவது முறையும் கூப்பிடலாம் என்று கை துறுதுறுத்தது, நிறுத்திக்கொண்டேன்.

அக்கா, ஒரு முறை இழுத்தேன், உண்மை. இனி இல்லை.

அண்ணா, வெளியே நீளக் கயிறு கட்டிக் கைக்குக் கூப்பிட எப்போது ஆரம்பிக்கலாம்?

மிச்சிகன்_கையுறை (சனி, இரவு 9:10)

உள்ளே கூப்பிட்ட நொடியில் வருவது மூன்று நாள் தொடரட்டும். அதற்குள் ஸ்பான்சரும் வந்துவிடுவார், அவர் பக்கத்தில் இருக்கும்போது ஆரம்பி. முள்வேலி, புதர் இல்லாத புல்வெளி பார். முடிச்சை இரண்டு முறை சரிபார். காற்றடிக்கிற நாள் வேண்டாம்.