அழற்சி ‘எதிர்ப்பா’, ‘தணிப்பா’? வெள்ளிக் கட்டுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம். புண்ணின் மேல் போடும் வெள்ளி சேர்த்த டிரெஸ்ஸிங், அழற்சியை (புண்ணில் வரும் சிவப்பு, வீக்கம், வலி) குறைக்கும் ‘ஆன்ட்டி-இன்ஃப்ளமேட்டரி’ குணத்தைக் காட்டினால், அதைக் கையேட்டில் தமிழில் எப்படி எழுதுவது என்ற பேச்சில் ஒரு நண்பர் கேட்டது இது:

> ‘அழற்சி எதிர்ப்பு வெள்ளிக் கட்டு’ என்றே வைத்துவிடலாம். ‘எதிர்ப்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதுதானே?

அந்தப் புழக்கம்தான் ஐயா சிக்கல். நுண்ணுயிர் எதிர்ப்பு, அழற்சி எதிர்ப்பு என்று இரண்டுக்கும் ஒரே வால் வைத்தால், கிருமி செத்ததால்தான் சிவப்பும் வீக்கமும் குறைந்தன என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். வெள்ளியின் கதை அதோடு முடியவில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் பர்ரெல் குழுவினர் பன்றித் தோலில் ஒரு வேதிப்பொருளைத் தடவி, ஒவ்வாமை அழற்சியை வரவழைத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வெளிவந்தது. நானோபடிக வெள்ளிக் கட்டு, அதாவது மிக நுண்ணிய படிகங்களாக வெள்ளி பூசிய கட்டு, போட்ட இடத்தில் சிவப்பும் வீக்கமும் இறங்கின. டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சித் தூதுப்பொருள்களும் குறைந்தன. வெள்ளி நைட்ரேட்டுக்கு அந்தப் பலன் இல்லை. இத்தனைக்கும் அதுவும் வெள்ளிதான், கிருமிக்கொல்லிதான்!

அப்புறம், அழற்சி நமக்குப் பகை இல்லை. புண் ஆற அதுவும் வேண்டும். அடங்காமல் நீண்டால்தான் வம்பு. ‘அழல்’ என்றால் நெருப்பு. நெருப்பைத் தணிப்போம், எதிர்க்க மாட்டோம். காய்ச்சலும் வலியும்கூடத் தணியத்தானே செய்கின்றன? ஆகவே குணத்துக்கு ‘அழற்சித் தணிப்பு’, அதைச் செய்யும் பொருளுக்கு ‘அழற்சித் தணிப்பி’ என்பது என் பரிந்துரை.

‘வெள்ளிக் கட்டு’ பற்றியும் ஒன்று. அம்மாவின் கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் மாற்ற வந்த செவிலியரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “அப்போ வெள்ளிக்கிழமைதான் மாத்தணுமா சார்?” என்றார். ‘வெள்ளிப் புண்கட்டு’ என்றால் தப்பிக்கலாம். பேசிக்கொண்டே அவர் வெள்ளி பூசிய அந்த நீலச் சாம்பல் கட்டுத் தாளை ஸ்டெரைல் வாட்டரில் நனைத்தார். பக்கத்தில் இருந்த சலைன் பாட்டிலைத் தொடவே இல்லை. சலைன் உப்புநீர்; அந்த உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்து வெள்ளி குளோரைடாகப் படியவைத்துவிடும். கையேட்டில் ‘நனைக்கவும்’ என்று மொட்டையாக எழுதாமல், எதில் என்றும் எழுத வேண்டும்.

> தணிப்பு சரி. ஆனால் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை ‘ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்து’ என்று எழுதி வருகிறோமே. அதையும் மாற்றுவதா?

மாற்றலாம். அந்த மாத்திரையும் கிருமி எதையும் கொல்வதில்லை. வலியையும் வீக்கத்தையும் தணிக்கத்தான் தருகிறார்கள். கொஞ்ச காலம் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கட்டும், கெட்டுப்போகாது. ‘அழற்சித் தணிப்பி’யில் நான் போட்ட ‘த்’ சரிதானா என்பதை மட்டும் இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.