‘மாலைக்கண்’ நிற்கட்டும், ‘மைமற்பார்வை’யும் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

மங்கிய ஒளியில் கண் சரியாகத் தெரியாத குறைக்கு ‘இரவுக்குருடு’ என்று புதுச்சொல் ஆக்கலாம் என இங்கே முன்மொழிந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நம்மிடம் உள்ள ‘மாலைக்கண்’ அதைவிடத் துல்லியமானது. அதில் குருடும் இல்லை, இரவும் இல்லை. விழித்திரையில் ஒளியை உணரும் கலங்களில் ஒருவகையான கோல்கள் மங்கிய ஒளியில் தம் வேலையைச் செய்யத் தவறுவதே இக்குறை என்பதால், நள்ளிரவிலும் நல்ல மின்வெளிச்சத்தில் கண் தெரிகிற ஒருவர், வெயில் இறங்கிய வயலில் ஆறரை மணிக்கே தடுமாறக்கூடும். கிரேக்க வழிச் சொற்களில் இந்தத் தெளிவு இல்லை. ‘ஹெமரலோப்பியா’ ஆங்கிலத்தில் பகலில் பார்வை குன்றுவதையும், பிரெஞ்சில் அதற்கு நேர்மாறாக இரவில் குன்றுவதையும் குறிக்கிறது.

ஆனால் ‘மாலைக்கண் நோய்’ என்று ‘நோய்’ சேர்ப்பதை விட்டுவிட வேண்டும், ஏனெனில் இது ஓர் அறிகுறி மட்டுமே. விற்றமின் ஏ குறைந்து கோல்களில் ரொடொப்சின் என்ற ஒளியுணர் நிறப்பொருள் மீண்டும் உருவாகாதபோதும் இது வரும். பரம்பரைக் குறைபாட்டால் கோல்களே அழிந்துபோகும்போதும் வரும். முன்னதற்கு விற்றமின் கொடுத்தால் விரைவில் குணம் தெரியும். வவுனிக்குளத்துப் பக்கத்தில் இருந்த என் பெரியம்மாவுக்கும் மாலைக்கண் இருந்தது. அவர் வளவில் விற்றமின் ஏ தரும் முருங்கைக்கும் பப்பாசிக்கும் என்றுமே குறைவிருந்ததில்லை. அவருடைய தமையனுக்கும் அதே குறை இருந்ததால், அது பரம்பரையாக வந்ததாக இருக்கலாம். ஆயினும் “கீரை சாப்பிடுங்கோ” என்பதைத் தவிர வேறொன்றையும் பெரியம்மாவுக்கு எவரும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே நோயாகப் பெயரிட்டதில் வந்த வினை இது.

அந்தப் பெரியம்மாவின் வாயிலிருந்துதான் எனது முன்மொழிவும் வருகிறது. “மைமலாகிட்டுது பிள்ளை, எனக்கு வரம்பு தெரியேல்லை, கையைப் பிடி” என்பார். மைமல், அதாவது மாலை மங்கல். கோல்களும், நல்ல வெளிச்சத்தில் நிறங்களைக் காட்டும் கலங்களான கூம்புகளும் சேர்ந்து இயங்கும் இடைநிலை ஒளியில் நாம் காண்பதை ‘மெசோப்பிக்’ பார்வை என்கிறார்கள். அதற்கு ‘மைமற்பார்வை’ என்று வைக்கலாம். பகற்பார்வை, மைமற்பார்வை, இருட்பார்வை என மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும்.

‘அந்திப்பார்வை’ எல்லா நாட்டுத் தமிழருக்கும் விளங்குமே என்பது நியாயமான மறுப்பு. எனினும் அந்தி என்றதும் செவ்வானம் அல்லவா மனத்தில் எழுகிறது? வன்னியில் மைமல் என்பது அந்தச் சிவப்பும் வடிந்தபின், எதிரே வருபவர் ஆரென்று குரலை வைத்து மதிக்கும் நேரம். வேலியோரச் செவ்வரத்தம்பூ அப்போது கறுத்துவிடும். அதன் இலையோ இன்னும் வெளிறித் தெரியும். செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யேயின் பெயரால் வழங்கும் விளைவு இதுதான். பார்வைப் பொறுப்பு கூம்புகளிடமிருந்து கோல்களுக்குக் கைமாறுவதால் நிகழ்வது. ஆகவே அந்த நேரத்துக்கே உரிய சொல்லைக் கலைச்சொல்லாகக் கொள்வதில் பிழை காணவில்லை. அருஞ்சொல் என்று தோன்றினால், முதல் தடவை ஆளும்போது ‘மைமல், அதாவது மாலை மங்கல்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.